சாம்பாருக்கு ஏற்ற ஷாக்

ஜீப்பை நாலு இஞ்ச் உயர்த்தியது என்னுடைய யோசனை. அதனால் பிறகு நடந்த எதற்கும் வேறு யார் மேலும் பழியைப் போட முடியாமல் போனது.

அப்போது நான் நெய்வேலிப் பக்கம் வந்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பியவன், அதற்குள் நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரி கிளீனராக இருந்தேன், ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியோடு ஆந்திராவைச் சுற்றினேன், பம்பாயில் ஓர் ஓட்டலில் தட்டு கழுவினேன். போர் வண்டியில் இருந்த மூன்று வருஷமும் படுக்கை வண்டிக்கு அடியில்தான். மழை பெய்தால் உட்கார்ந்துகொண்டே தூங்குவோம். நெய்வேலிக்கும் நான் வேலை தேடி வரவில்லை. விருத்தாசலம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். வடக்குத்தில் பஸ் நின்றபோது பருப்பு வேகும் வாசனை வந்தது. இறங்கிவிட்டேன். வாசனை வந்த கொட்டகைக்கு முன்னால் ஒரு பழைய ஜீப் நின்றது, அதை ஓட்ட ஆளில்லை. அன்று மத்தியானமே நான் டிரைவர்.

கொட்டகைக்கும் ஜீப்புக்கும் சொந்தக்காரரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பதை நெருங்கியவர். வீட்டுக்காரர் இறந்து ஏழெட்டு வருஷம். மாதா கோயிலில் ஞாயிறு காலைப் பூசை தவறாதவர். மற்ற ஆறு நாளும் விடியற்காலையில் எழுந்து, திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை வாரும் காண்ட்ராக்ட் ஆட்கள் எழுபது பேருக்கு மதியச் சாப்பாடு செய்வார். உதவிக்கு மூன்று பெண்கள். ஓர் அண்டா சோறு, ஒரு பெரிய குண்டான் சாம்பார், ஒரு பொரியல், ஒரு கேன் மோர், அப்பளம். பன்னிரண்டு மணிக்கு இவை குழிக்குள் இறங்கியிருக்க வேண்டும். இந்த ஒரு ஆர்டர்தான் அந்தக் கொட்டகையின் அடுப்பை எரிய வைத்தது.

குழிக்குள் எங்களுக்காகக் காத்திருப்பவர் மேஸ்திரி. எங்கோ தெற்கிலிருந்து வந்து, டவுன்ஷிப் பேச்சுக்கு மாறிப்போன மனிதர். கையில் ஒரு வேப்பங்குச்சி வைத்திருப்பார். அதில் கத்தியால் ஒரு கோடு கீறியிருக்கும். குண்டான் வந்து இறங்கியதும் குச்சியை உள்ளே விட்டுப் பார்ப்பார். ஈரம் கோட்டைத் தொட்டால் எழுபது பேருக்கும் சாம்பார் வரும். தொடாவிட்டால் வரிசையில் கடைசியில் நிற்பவனுக்கு வெறும் சோறும் மோரும்தான். மேஸ்திரி எப்போதும் கடைசி ஆளாகத்தான் சாப்பிடுவார் என்பதால் அவருக்கு இது நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் சுரங்கப் பாதை களியாகிவிட்டது. ஜீப் வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். இரண்டு தடவை அண்டாவை ஆட்கள் மேலே வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஆந்திராவில் எங்கள் போர் வண்டிக்குத் துணையாக வந்த ஜீப்பை முதலாளி உயர்த்தி வைத்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அக்காவிடம் சொன்னேன். வடக்குத்து மெயின் ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கிடமும் சொன்னேன். அவனுக்கும் என் வயதுதான். பழகிய இரண்டாம் நாளே என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தவன். கேட்டதும் அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வண்டியைத் தாங்கும் இரும்பு வில்லில் சக்கரத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாக வைத்தான், வில்லின் முனையை மாட்டும் ஷாக்கிளை நீளமானதாகப் போட்டான், எங்கிருந்தோ பெரிய டயர் நாலு கொண்டுவந்தான். ஜீப் எழுந்து நின்றது.

அக்கா சுற்றிவந்து பார்த்தார். ஏறுவதற்கு முக்காலி கொண்டுவரச் சொன்னார்.

"ஏன் தம்பி, இது சோறு எடுத்துக்கினு போறதுக்கா, தேர்பவனிக்கா?"

"சேறு ஒட்டாதுக்கா இனிமே."

சேறு ஒட்டவில்லை. அது உண்மை. பத்து நாள் நான் ராஜாவாக இருந்தேன். பிறகு பின்பக்கம் இடது ஷாக் அப்சார்பரை மாட்டும் காது பிய்ந்தது, அடுத்து வலது, அடுத்து முன்னால் ஒன்று. பழைய ஷாக்குகள் பழைய உயரத்துக்குச் செய்யப்பட்டவை. வண்டி எழுந்து நின்றபோதே அவை முக்கால்வாசி நீண்டுவிட்டன. சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கினால் நீள்வதற்கு மிச்சமில்லை, பிய்ந்துகொண்டன. துள்ளுவது பட்டையின் வேலை, அந்தத் துள்ளலை அடக்குவது ஷாக்கின் வேலை. அடக்க ஆளில்லாத ஜீப் ஒரு குழிக்கு ஆறு தடவை குதித்தது. மூடியைக் கயிறு போட்டுக் கட்டியும், குண்டானின் நாலு பக்கமும் சாம்பார் வழிந்தது.

மேஸ்திரி குச்சியை வெளியே எடுத்து அக்காவிடம் காட்டினார். கோட்டுக்கு மூன்று விரல் கீழே ஈரம் நின்றிருந்தது.

"அம்மா, நீங்க குறைச்சு ஊத்தலன்னு எனக்குத் தெரியும். ரோட்ல ஊத்திட்டு வர்றீங்க. ஆனா கடைசில நிக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"வண்டிய சரி பண்ணிக்கினு வந்துடறன் மேஸ்திரி. கொஞ்சம் டயம் குடுங்க."

"ரெண்டு வாரம் பாக்குறேன். அதுக்கு அடுத்த திங்கக்கிழம குச்சி கோட்டத் தொடலன்னா, பண்ருட்டில ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு, அவருக்குச் சொல்லிடுவேன். கோச்சுக்காதீங்க."

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது மேட்டில் ஏறியதும், சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நாலு இஞ்சு தூக்கன. மூணு வெரல் கொட்டன."

பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, வளையமாதேவிப் பக்கத்துக்காரி, வாயை அடக்கவே தெரியாதவள், அவளுக்கு இது போதுமானதாக இருந்தது.

"டிரைவரண்ணா, தெனம் ஊத்துங்க. ரோட்டோரமா முருங்க மொளைக்கட்டும். அடுத்த வருசம் காய் வாங்கவே வேணாம்."

உயர்த்திய வண்டிக்கு எந்த ஷாக் போடுவது என்று எனக்கோ மெக்கானிக்குக்கோ தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் இருவருக்கும் இல்லை. நான் லாரியில் வளர்ந்தவன். தடியாக இருப்பது வலுவாக இருக்கும் என்பது என் படிப்பு. பழைய சாமான் கடையில் லாரி ஷாக் நாலைத் தேடி எடுத்து வந்தேன்.

"மச்சான், இது அஞ்சு டன்னு சொமக்கிற வண்டிக்கு," என்றான் மெக்கானிக்.

"எழுபது பேர் சோறுடா. கனமில்லயா?"

"எழுபது யானையா சாப்புடுது?"

ஆனாலும் போட்டான், வேடிக்கை பார்க்க அவனுக்கும் ஆசை. அன்று மதியம் ஜீப் துள்ளவே இல்லை. துள்ளுவதற்குப் பதிலாக, பாதையில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் அப்படியே மேலே அனுப்பியது. சாம்பார் வழியாமல் எகிறியது. அப்பளம் முழுக்க நொறுங்கிப்போனது. வீணாக்க மனமில்லாத அக்கா அதைக் கரண்டியில் அள்ளிச் சோற்றின் மேல் தூவினார். வரிசையில் நின்ற ஒருவர் பணிவாகக் கேட்டார்: "அக்கா, இது இன்னா பொடிங்க, புதுசா இருக்குது?"

குச்சி இரண்டரை விரல் கீழே காட்டியது.

அடுத்த முறை ஒழுங்காகச் செய்வது என்று பண்ருட்டிக்குப் போனேன். அங்கே ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்காரர் முதலில் வண்டியைப் பற்றிக் கேட்டார்.

"என்ன வண்டிங்க?"

"ஜீப்புதாங்க. ஆனா பட்டை கூட இருக்குது, டயர் வேற, ஷாக்கிள் வேற..."

"அப்ப அது ஜீப்பு இல்லீங்க, உங்க வண்டி. உங்க வண்டிக்குப் பொட்டி மேல நம்பர் போட்டு வராது. அளவு எடுத்தாங்க. சக்கரம் முழுசாத் தொங்குறப்ப மேல் காதுக்கும் கீழ் காதுக்கும் எவ்வளவு, முழுசா அமுங்குறப்ப எவ்வளவு. தொங்குறத விட ஷாக் கொஞ்சம் நீளமா இருக்கணும். அமுங்குறப்ப அது முட்டக் கூடாது."

இதைவிடத் தெளிவாக எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. ஜீப்பைப் பட்டறைக்குக் கொண்டுபோய், சேஸ் என்கிற அடிச்சட்டத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்க அளந்தோம். பிறகு இறக்கி, நானும் மெக்கானிக்கும் பின்பக்கம் ஏறி நின்று குதித்தோம். குதிக்கும்போது எவ்வளவு அமுங்குகிறது என்று பக்கத்து டீக்கடைக்காரரைப் பார்க்கச் சொன்னோம். அண்டா, குண்டான், கேன், பெண்கள் எல்லாம் சேர்ந்த கனத்தில் எங்கள் இருவரின் கனம் பாதிகூட வராது. அது அப்போது தோன்றவில்லை.

அந்த அளவுக்கு நீளமான ஷாக் நாலு வந்தது. புதியவை. போட்டு, மெயின் ரோட்டிலும் முந்திரித் தோப்பு மண்பாதையிலும் ஓட்டிப் பார்த்தோம். பானெட் மேல் வைத்த டீ கிளாஸ் அப்படியே நின்றது. மெக்கானிக் அந்த டீயைக் குடித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான்.

மறுநாள் மதியம், சுரங்கச் சரிவின் முதல் பள்ளத்திலேயே அடியில் "டங்" என்றது. இரண்டாவது பள்ளத்திலும் "டங்". பெண்கள் மூன்று பேரும் ஒரே குரலில் எண்ண ஆரம்பித்தார்கள். கீழே போய்ச் சேரும்போது பத்தொன்பதில் நின்றது. குச்சி மூன்று விரல். மேஸ்திரி அக்காவைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டினார். அன்றைக்கு வியாழன். அவர் சொன்ன திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டு சாப்பாடும் ஒரு ஞாயிறும்தான் இருந்தன.

சனிக்கிழமை சாப்பாடு முடிந்து வந்ததும் ஜீப்பைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். மெக்கானிக் அடியில் புகுந்தான்.

"எங்க மச்சான் முட்டுது? பாரு, இன்னும் அஞ்சு இஞ்சு எடம் கெடக்குது. காது கேக்குதா உனக்கு, இல்ல அதுவும் பிஞ்சிப்போச்சா?"

"முந்தாநேத்து பத்தொம்பது தபா முட்டுச்சிடா! மூணு பொம்பளைங்க எண்ணிக்கினு வந்தாங்க!"

"எண்ணத் தெரிஞ்சவங்கள வுட்டு அளக்கவும் சொல்லு, போ!"

எங்கள் சத்தம் ரோடு வரை கேட்டிருக்க வேண்டும். அக்கா குடையோடு வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் இருவரும் குரலை இறக்கினோம்.

"சோறு ஏத்துனா முட்டுதுக்கா," என்றேன். "காலியா ஓட்டுனா பட்டு மாதிரி போவுது."

மெக்கானிக் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினான். "சோறு ஏத்தி நான் இந்த வண்டியப் பாத்ததே இல்லக்கா."

அவன் சொன்னது சரி. அந்தக் கொட்டகையில் ஒரு சட்டம் இருந்தது: சோற்றுப் பாத்திரம் பட்டறைப் பக்கம் வரக் கூடாது. நான் வருவதற்கு முன்னால் ஒரு முறை சோற்றில் டீசல் வாடை ஏறி, எழுபது பேரும் தட்டைத் தள்ளிவிட்டார்களாம். அதிலிருந்து ஜீப் பட்டறைக்குப் போவதற்கு முன் அண்டா, குண்டான், கேன், அவற்றுக்கு அடியில் போடும் பலகை வரை எல்லாவற்றையும் கொட்டகையில் இறக்கிவிடுவோம். பெண்களும் இறங்கிவிடுவார்கள். நானும் அதைப் பக்தியோடு செய்து வந்தேன். இரண்டு வருஷமாக இந்த வண்டிக்கு வைத்தியம் பார்த்த மெக்கானிக், வேலை செய்கிற கோலத்தில் இதை ஒரு நாளும் பார்த்ததில்லை. காலி வயிற்றுக்குத் தைத்த சட்டையை நாங்கள் விருந்து சாப்பிட்டவனுக்குப் போட்டிருந்தோம்.

"பாத்திரம் பட்டறைக்கு வராது," என்றார் அக்கா. சட்டம் சட்டம்தான். கொஞ்சம் யோசித்தார். "பட்டறைய வூட்டுக்கு வரச் சொல்லு. நாளைக்குப் பூச முடிஞ்சி எட்டரைக்கு. கைய சோப்பு போட்டுக் கழுவிக்கினு வா."

மெக்கானிக் குளித்து, எண்ணெய் வைத்துத் தலை சீவி வந்திருந்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. அண்டாவிலும் குண்டானிலும் கேனிலும் தண்ணீரை நிரப்பி, வழக்கமான இடங்களில் வைத்தோம். மூன்று பெண்களும் அவரவர் இடத்தில் ஏறிக்கொண்டார்கள். அக்கா பூசைக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு முன்னால் உட்கார்ந்தார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன், என் கனமும் கணக்கில் வேண்டுமே. மெக்கானிக் சாக்கை விரித்துப் படுத்து, அடியில் புகுந்தான்.

"யக்கா!" உள்ளிருந்து குரல் வந்தது. "இது வேற வண்டிக்கா!"

சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் அவ்வளவு மேலே ஏறி வந்திருந்தது. எங்கள் நீள ஷாக்குகளுக்கு அமுங்குவதற்கு விரல்கடை இடம்தான் பாக்கி.

"எல்லாரும் ஒரு தபா குதிங்க, அளந்துடறன்!"

குதித்தார்கள். தண்ணீர் தளும்பியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள்.

"இன்னும் ஒரு தபா! பலமா!"

"ஏன், உன் பொண்டாட்டியக் கூட்டிகினு வந்து குதிக்க வையேன்," என்றாள் வளையமாதேவிக்காரி. சொல்லிவிட்டு எல்லாரையும்விட உயரமாகக் குதித்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தொங்கும்போது, சுமையோடு நிற்கும்போது, சுமையோடு குதிக்கும்போது என்று மூன்று அளவையும் ஒரு காலண்டர் தாளில் எழுதிக்கொண்டோம். குதிக்கும்போது முட்டாத அளவுக்குக் குட்டையான ஷாக், தொங்கும்போது எட்டாது. தொங்கும்போது எட்டுகிற ஷாக், குதித்தால் முட்டும். மெக்கானிக் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கொட்டகை வாசலில் கால் மிதிக்கப் போட்டிருந்த பழைய கன்வேயர் பெல்ட் துண்டைப் பார்த்தான். எங்கள் பக்கத்தில் ஏலத்தில் வந்த பெல்ட் துண்டு இல்லாத வீடு குறைவு.

"எட்டலன்னா எட்டுற அளவுக்கு மேல தொங்க வுடாதயேன்," என்றான். "ஆக்ஸில சேஸோட சேத்து பெல்ட்டு போட்டுக் கட்டிடறன். நீ போயி குட்டையப் பாத்து வாங்கிக்கினு வா."

பண்ருட்டிக் கடை ஞாயிறு மதியம் வரை திறந்திருக்கும். நீள ஷாக்குகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கடைக்காரர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முணுமுணுத்து, கீறல் இல்லாததால் மாற்றிக்கொடுக்கச் சம்மதித்தார். காலண்டர் தாளைப் படித்துவிட்டு, அந்த நீளத்தில் மூன்று விதம் எடுத்து வைத்தார். நீளம் மூன்றுக்கும் ஒன்றுதான். எதை எடுப்பது?

ஒவ்வொன்றையும் தரையில் நிறுத்தி உள்ளங்கையால் அமுக்கினேன். முதலாவது அமுங்க மறுத்தது. லாரி ஷாக்கின் தம்பி. இரண்டாவது எளிதாக அமுங்கி, கையை எடுத்ததும் சட்டென்று மேலே வந்தது. மூன்றாவது எளிதாக அமுங்கியது. கையை எடுத்த பிறகு அவசரமில்லாமல், ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு நடக்கிற ஆள் மாதிரி எழுந்தது. குண்டானை நினைத்துக்கொண்டேன். சக்கரம் கல்லில் ஏறும்போது ஷாக் வழிவிட வேண்டும். பட்டை திருப்பி உதைக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். சாம்பாரைத் தூக்கி எறிவது அந்தத் திருப்பி உதைப்பதுதான்.

"இதுல நாலு குடுங்க."

"ஆத்து மணல் அடிக்கிற வண்டிங்களா?"

"சாம்பார் அடிக்கிற வண்டிங்க."

அவர் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அதற்கு மேல் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஷாக், பெல்ட் இரண்டையும் கொட்டகை வாசலிலேயே மாட்டி முடித்தோம்.

திங்கட்கிழமை குண்டானில் சாம்பார் ஊற்றும்போது ஒருத்தி, "ரெண்டு வெரல் கூடவே ஊத்துங்கக்கா, சிந்தனாலும் கோட்டத் தொடும்," என்றாள். அக்கா கேட்கவில்லை. "கூட ஊத்திக்கினு போயி கோட்டத் தொட்டா, அது வண்டி சரியானதுக்கு அடையாளமா? அளவா ஊத்து." சரியாகக் கோடு வரை ஊற்றி மூடினார்கள்.

சரிவில் இறங்கினோம். பெண்கள் பழக்கத்தில் மூடியை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். முதல் பள்ளம் வந்தது. ஜீப் உள்ளே போய், மூச்சு விடுகிற மாதிரி எழுந்தது. அடியில் சத்தமில்லை. இரண்டாவது, மூன்றாவது. பாதி வழியில் மூடியிலிருந்து கைகள் ஒவ்வொன்றாக எடுபட்டன. நான் மட்டும் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்திருந்தேன்.

மேஸ்திரி குச்சியை விட்டார், எடுத்தார். துடைத்துவிட்டு மறுபடி விட்டார். ஈரம் கோட்டிலேயே நின்றது. குனிந்து குண்டானின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"என்னம்மா பண்ணீங்க?"

"ஞாயித்துக்கெழம குதிச்சோங்க," என்றாள் வளையமாதேவிக்காரி.

அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார். "பண்ருட்டிக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன். நாளைக்கு அஞ்சு பேரு கூட வர்றாங்க, பாத்துக்கங்க." சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல வரிசையின் கடைசியில் போய் நின்றார். அன்று அவர் தட்டில் சாம்பார் விழுவதை அக்கா நின்று பார்த்தார். ஒரு முருங்கைத் துண்டும் விழுந்தது.

காலிப் பாத்திரங்களோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். பெண்கள் பின்னால் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வெகு நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த ஆளுங்க மூணு வருசமா ரசம் கேக்கறாங்க. தண்ணி மாதிரி இருக்கும், குழி போய்ச் சேராதுன்னு நான் எடுத்துக்கினு வந்ததே இல்ல." ஷாக் இருக்கும் இடத்தை அறிந்தவர் போலக் காலால் தரையைத் தட்டினார். "இனிமே எடுத்துக்கினு வரலாமா?"

கியரை மாற்றி, அடுத்த பள்ளத்தை மெதுவாக ஏறி இறங்கினேன். அடியில் என்ன நடக்கிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"புதன்கெழம பாக்கலாங்கக்கா," என்றேன். "மூடிக்கு மட்டும் ஒரு ரப்பர் வளையம் வேணும்."